காதர் பாயின் உப்பில் என்ன இருந்தது

மேல்விஷாரத்தில் ஒரு பழைய உப்பு மண்டியின் பின்புறம், வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியோடு நான் குப்புறப் படுத்திருந்தேன். கன்னம் தரையில். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில். மூக்குக்கு ஒரு சாண் தள்ளி ஒரு செடி. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தலைமாட்டில் ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது. தோலைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. போன ரம்ஜானுக்கு நானே கொடுத்த செருப்பு.

"இன்னாடா ஏழுமல. மண்டிய வாங்கப் போறியா? மண்ண மோந்து பாத்துக்கினு கீற?"

காதர் பாய். மண்டிக்குச் சொந்தக்காரர். என் தோஸ்த். அந்த நேரத்தில் இந்த ஜில்லாவில் நான் பார்க்கவே கூடாத ஒரே ஆள்.

"வழுக்கி உழுந்துட்டேன் பாய்" என்றேன்.

"உழுந்தவன் எவனாவது சிரிப்பானா?" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் செடி தெரிந்துவிடும். ஏன் படுத்தேன், ஏன் எழ முடியவில்லை என்று புரிய, கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும். வாருங்கள், செருப்பு அங்கேயே நிற்கட்டும்.

காத்தாடியில் என் பெயர்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டினவர்களுக்கு ஒரு வார்த்தை. அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆம்பூரில் தோல் பதனிடுகிற அடுத்தவர் டேனரியில் உப்பு தட்டுகிற வேலைக்குப் போய், அதே டேனரியைப் பிற்பாடு விலைக்கு வாங்கினவன். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் இப்படி இன்னொருத்தன் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவனுக்கு மாலை போட்டுவிட்டுத் தொடரை நிறுத்திக்கொள்கிறேன்.

உப்பு தட்டுவது என்றால், தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டு அடுக்கி அனுப்புவார்கள். வந்து இறங்கினதும் ஒவ்வொரு தோலாக உதறி, தட்டி, அந்த உப்பைக் கொட்ட வேண்டும். கொட்டிக் கொட்டி அந்தக் களமே உப்பைத் தின்று வெள்ளையாகிவிடும். அதில் புல்லும் முளைக்காது, எறும்பும் ஊராது. வெறுங்காலில் நடந்தால் வெடிப்பில் ஏறும் எரிச்சல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. டேனரியை மூடி வெகு காலமாகிறது. இப்போது என் மகன் வேறு இடத்தில் தோலைப் பளபளப்பாக்கி முடிக்கிற யூனிட் வைத்திருக்கிறான். பழைய களம் மட்டும் சும்மா கிடந்தது.

என் பெயர் எத்தனையோ இடத்தில் இருக்கிறது. குடிநீர்த் தொட்டியில், பள்ளிக்கூடத்து பீரோவில், பஸ் ஸ்டாப் பெஞ்சில். விரிஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காத்தாடிகள் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு இறக்கையிலும் பெயர் எழுதவைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். காத்தாடி சுற்றும்போது பெயர் தெரியாது. கரண்ட் போனால்தான் தெரியும். வியர்த்து ஊற்றுகிற நேரத்தில் அண்ணாந்து பார்க்கிறவன், நின்றுபோன காத்தாடியில் என் பெயரைப் படித்தால் என்ன சொல்லித் திட்டுவான் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் செலின் அம்மா ஒரு ஆசையைக் காட்டிவிட்டுப் போனார்.

யாரும் தண்ணீர் ஊற்றாதவை

செலின் அம்மா வேலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறவர். தோளில் ஒரு துணிப்பை, காலில் கட்டடம் கட்டுகிறவர்கள் போடுகிற பூட்ஸ். மூடிக்கிடக்கும் என் டேனரிக்குள் போய்ப் பார்க்க அனுமதி கேட்டு வந்தார்.

"மேல்விஷாரத்துலேர்ந்து, வேலூர் கோட்டை அகழி சுவரு வழியா, ஆம்பூர் பைபாஸ் வரைக்கும், ஊருக்குள்ள தானா மொளைக்கிற செடி எல்லாத்தையும் பதிவு பண்றோம் ஐயா. சாக்கடை ஓரம், ரயில்வே லைன், மொட்டை மாடி, ஒடஞ்ச சுவரு, எதையும் விடறதில்ல. எல்லாத்து மேலயும் சிமெண்ட் விழுதே. இன்னா இருந்துச்சின்னு தெரியாமலே போயிடக் கூடாது."

"யாரும் நடாம வர்றது களைம்மா. களைக்கு எதுக்கு பதிவு?" என்றேன்.

அந்த அம்மா சிரிக்காமல் சொன்னார்: "நீங்களும் யாரும் தண்ணி ஊத்தாம தானா வளந்தவர்னு வாரப் பத்திரிகைல எழுதறீங்களே ஐயா. படிக்கிறேன்."

நான் உடனே காப்பி கொண்டுவரச் சொன்னேன்.

காப்பி வருவதற்குள் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். காய்ந்த செடி ஒன்று, வேரும் பூவுமாக அமுக்கி ஒட்டியிருந்தது. ஓரத்தில் சின்னச் சீட்டு. எந்த ஊர், எந்த மண், யார் எடுத்தது. எடுத்தவர் செத்து வெகுகாலம் ஆகிறதாம். ஆனால் இந்தச் செடி இந்த ஊரில் இருந்தது என்று எந்த நாட்டில் யார் எழுதினாலும் அந்த மனிதர் எடுத்து ஒட்டின இந்தத் தாளைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டுமாம்.

"இது மாதிரி என் பேரும் வருமா?" என்றேன்.

"எங்க கணக்குல இல்லாத செடியா இருக்கணும். நீங்களே உங்க கையால எடுத்திருக்கணும். அவ்ளோதான்."

கரண்ட் போகத் தேவையில்லாத இடம். எனக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றியது, சந்தோஷத்தில்.

ஏற்கெனவே இருக்கு ஐயா

மறுநாளிலிருந்து நான் நடந்தே திரிந்தேன். கார் வீட்டில் நின்றது. எனக்குக் கண்ணாடி போட்டால் தூரம் தெரியும், கழற்றினால் கிட்டத்தில் தெரியும். சின்னப் பூ என்றால் படுத்தால்தான் பார்க்க முடியும். ஆகவே படுத்தேன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பின்னால் சாக்கடை ஓரம் படுத்தபோது டீக்கடையிலிருந்து ஒருத்தர் ஓடிவந்து சோடா உடைத்து என் முகத்தில் தெளித்தார். பஸ் ஏறிப் போய் வேலூர் லாங் பஜாரில் ஒரு சுவரோரம் குனிந்து நின்றபோது தள்ளுவண்டிக்காரர் "பெரியவரே, இன்னா தொலச்சிட்ட?" என்று கேட்டு, பாவம், தானும் தேட ஆரம்பித்துவிட்டார். அவர் பின்னால் இன்னும் சிலர் தேடினார்கள். என்ன தேடுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. நான் மெல்ல நழுவிவிட்டேன்.

எடுத்ததை எல்லாம் போட்டோ பிடித்துச் செலின் அம்மாவுக்கு அனுப்பினேன். குப்பைமேனி. "ஏற்கெனவே இருக்கு ஐயா." நாயுருவி. "இருக்கு ஐயா." தும்பை, மூக்கிரட்டை, ஊமத்தை. "இருக்கு ஐயா, ஆனா போட்டோ பிரமாதம்." அந்தப் பிரமாதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இதில் நான் ஒரு தப்புக் காரியம் வேறு செய்தேன். காதர் பாயிடம் போய்ப் பெருமை அடித்தேன்.

பாய் எனக்கு உப்பு போட்டவர். மரக்காணத்து உப்பளத்திலிருந்து லாரியில் மூட்டைகள் மேல்விஷாரத்து மண்டிக்கு வரும், அங்கிருந்து, உப்பில்லாமல் வந்து இறங்குகிற பச்சைத் தோலுக்குப் போட, என் டேனரிக்கு வரும். நானும் அவரும் சண்டை போடாத மாதம் கிடையாது. இந்தத் தொடரிலேயே முன்பு ஒரு வாரம், பாயின் உப்பு மூட்டையில் பாதி மணல் என்று எழுதியிருந்தேன். படிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று எழுதியது. ஊரெல்லாம் சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகளைக் கொடுத்த வீட்டிலும் அந்தப் பத்திரிகை வாங்குகிறார்களாம். ரம்ஜானுக்குச் செருப்பு கொடுத்துத்தான் மறுபடி பேச்சு ஆரம்பித்தது.

நான் பெருமை அடித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பாய் போன் செய்தார். "டேய் ஏழுமல, எனக்கு ஒரு தாள் ஆயிடுச்சிடா."

மேல்விஷாரத்தில் காய்ந்த ஏரியில் கைத்தடியைத் தட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். தரையோடு படர்ந்த ஒரு செடியைத் தடி நுனியால் கிளப்பி எடுத்து அனுப்பியிருக்கிறார். கணக்கில் இல்லாததாம். அதன் பெயர் செருப்படை.

ஆயுசு முழுக்கச் செருப்புக்குத் தோல் போட்டவன் நான். செருப்படை போய்ச் சேர்ந்தது உப்பு விற்றவருக்கு. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலைப் பிளேட்

என் மகன் பழைய களத்தைக் கார் நிறுத்துகிற இடமாக வாடகைக்கு விட ஏற்பாடு செய்திருந்தான். எல்லை காட்ட நான் போனேன். ஊரெல்லாம் படுத்துத் தேடினவன், அந்தக் களத்தை மட்டும் திரும்பிப் பார்த்ததில்லை. அங்கே என்ன முளைக்கும்?

முளைத்திருந்தது. வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த தரையில், மூலையில் ஒரே ஒரு கொத்து. அரிசி மணியை ஊறவைத்தது போலக் குண்டு குண்டான இலை, நுனியில் சிவப்பு. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். கரித்தது.

போட்டோ அனுப்பின மறு நிமிஷம் போன் வந்தது.

"ஐயா, எந்த பீச்சுக்குப் போயிருக்கீங்க?"

"பீச்சா? என் களத்துல நிக்கிறேன்மா."

எந்தக் களம், எந்த மூலை என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அது உமரி. கடலோரச் செடி. நம்ம பக்கம் யாருமே பதிவு பண்ணல. நான் வெளியூர்ல இருக்கேன். ஒரே ஒரு சின்னக் கிளைய வேரோட எடுத்து, நியூஸ் பேப்பர் நடுவுல வெச்சி அமுக்கி வையுங்க. மிச்சத்தத் தொடாதீங்க."

ஒரே ஒரு சின்னக் கிளையா? ஏழுமலை யாருக்காவது சின்னதாகக் கொடுத்துப் பழக்கம் உண்டா? கொத்தை முழுசாக, மண்ணோடு, வேரோடு பெயர்த்து எடுத்தேன். செலின் அம்மா பிரித்துப் பார்த்தால் அசந்துபோக வேண்டும்.

அமுக்குவது பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் மகனின் யூனிட்டில் பிளேட்டிங் மெஷின் இருக்கிறது. தோலை உள்ளே வைத்துச் சூட்டோடு அமுக்கினால் முகம் பார்க்கலாம் போல வழவழப்பாக வரும். எந்த டிசைன் வேண்டுமோ அந்த பிளேட்டை மாட்டினால் ஆட்டுத்தோலும் பாம்புத்தோலாகும். புத்தகத்துக்கு நடுவில் வைத்து மாசக்கணக்கில் காத்திருப்பது வாத்தியார்கள் வேலை. தொழில்காரன் ஒரே அமுக்கில் முடிப்பான்.

மெஷின் ஓட்டுகிற குமரேசன் மட்டும் தயங்கினார். "முதலாளி, இதுல தண்ணி ஜாஸ்தியா இருக்கும் போலக்கீது."

"ஈரத் தோலையே காய வெச்சவன்யா நானு. போடு."

போட்டார். மெஷின் மூச்சு விட்டது. ஓரங்களில் பச்சையாக ஏதோ வழிந்தது. குமரேசன் மூடியைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முதலாளி, இட்லி வாங்கியாரவா?" என்றார்.

சட்னி. நியூஸ் பேப்பர் முழுக்கச் சட்னி. அதோடு போகவில்லை. அன்றைக்கு மெஷினில் ஹேண்ட்பேக் ஆர்டருக்காக முதலைத்தோல் பிளேட் மாட்டியிருந்ததை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சட்னி மேல் அழகாக, கட்டம் கட்டமாக, முதலை முதுகு.

பரவாயில்லை, இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று களத்துக்கு ஓடினேன். ஒரு கிளைகூட மிச்சம் இல்லை. மிச்சம் வைக்காதவன் நான்தானே. மறுநாள் காலையில் ஜேசிபி வந்து தரையைச் சுரண்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

கடல் எப்படி வந்தது

திரும்பி வந்த செலின் அம்மா முதலை முதுகைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் மகன் வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

சிரித்து முடித்ததும் சொன்னார்: "ஆனா ஐயா, இத வெச்சி எதையும் சாட்சி சொல்ல முடியாது. போட்டோ மட்டும் போதாது. இந்த மாசத்தோட பட்டியல மூடறோம். தாள் இல்லன்னா உமரி இங்க இருந்ததே இல்லன்னுதான் ஆகும்."

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. என் பெயர் போனால் போகிறது என்று சொல்ல ஆசைதான். அப்படிச் சொன்னால் இத்தனை வாரம் படித்த நீங்கள் நம்பமாட்டீர்கள். என் பெயர் போவதும் வலித்தது, அந்தச் செடி போவதும் வலித்தது. கடலே இல்லாத ஊரில், நான் கொட்டிக் கெடுத்த தரையில், யாரையும் கேட்காமல் நிமிர்ந்து நின்ற செடி அது. அதற்கு ஒரு சாட்சி இல்லாமல் போகலாமா?

"கடலு எங்க, ஆம்பூர் எங்க? எப்படித்தான் வந்துச்சோ" என்றார் செலின் அம்மா.

"உப்பு மூட்டைலதான் வந்திருக்கும்" என்றேன், யோசிக்காமல். சொன்ன பிறகுதான் என் தலைக்குள் விளக்கு எரிந்தது. என் களத்துக்கு வருவதற்கு முன்னால் அந்த மூட்டைகள் எங்கே இறங்கின? எங்கே பிரித்தார்கள், எங்கே எடை போட்டார்கள்?

பாய்க்குச் சொன்னால் பாய் எடுப்பார். பாய்க்கு இரண்டு தாள் ஆகிவிடும். சொல்லாமல் போனால்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகைக்குப் பாய் பள்ளிவாசல் போகிற நேரமாகப் பார்த்து நான் மேல்விஷாரத்தில் இறங்கினேன். மண்டியின் பின்சுவர் ஏறிக் குதித்த விவரத்தை என் வயசை உத்தேசித்து இங்கே எழுதவில்லை.

மறுபடியும் செருப்பு

ஆக, செருப்பு அங்கேயே நிற்கிறது. நான் படுத்தே இருக்கிறேன்.

தொழுகை முடிந்துவிட்டது என்பதே எனக்குத் தெரியாது. செடியைப் பார்த்த சந்தோஷத்தில் நேரம் போய்விட்டது. பழைய எடை மேடையின் சிமெண்ட் வெடிப்பில், அதே குண்டு இலை, அதே சிவப்பு, என் களத்தில் இருந்ததைவிடப் பெரிய கொத்து.

பாய் கைத்தடியால் என் தோளைத் தள்ளினார். செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் மூளை என்னுடையதைப் போலவே வேகம்.

"தாளா?" என்றார்.

"தாளு" என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலையைச் சொன்னபோது பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என் உப்பு. என் மண்டி. அப்ப என் பேரு."

"சரி பாய். கையால எடுக்கணும்னு ரூல். குனிஞ்சி எடு."

பாய்க்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நாற்காலியில்தான் தொழுகிறார். தடியைக் கீழே விட்டார். வெடிப்புக்குள் தடி போகவில்லை.

"பேரனக் கூப்புடறேன்."

"அப்ப பேரன் பேருதான் வரும்."

பாய் யோசித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த உலகத்தில் செடிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற இரண்டு கிழவர்களைப் பார்த்து எடை மேடையில் ஒரு ஓணான் தலையாட்டியது.

"நீயே எடு" என்றார் பாய். "உன் பேரே போட்டுக்க. ஆனா அந்த மணலு மேட்டரு எழுதின பாரு, அதே பத்திரிகைல, அதே ஏழுமல எழுதணும். காதர் பாய் உப்புல மணல் இல்லன்னு."

"பாய், தமாஷுக்கு எழுதனது அது."

"உனக்கு தமாஷு. என் பொண்ணு சம்பந்தி வூட்ல ஒவ்வொரு தபா சோறு போடும்போதும், உப்பு போட்டியா மணலு போட்டியான்னு கேக்கறானுங்க. அதுவும் சிரிச்சிக்கினே பரிமாறுது. என்னாண்ட வந்துதான் அழுவுது."

"எழுதறேன் பாய்" என்றேன். படுத்தபடியே பையிலிருந்து கத்தியை எடுத்தேன். இந்த முறை ஒரே ஒரு சின்னக் கிளை. வேரோடு. மிச்சத்தைத் தொடவில்லை. பாய் தன் கைக்குட்டையை நீட்டினார், அதில் வைத்துச் சுற்றினேன். பிறகு அவர் தடியை நீட்டினார், அதைப் பிடித்து எழுந்தேன்.

செலின் அம்மா கிளையைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, தினமும் பேப்பர் மாற்றி, பொறுமையாகக் காயவைத்தார். போன வாரம் கல்லூரிக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். அட்டையில் உமரி, பூ வைத்த கிளை, நூல் போல வேர். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. என் பெயரை மட்டும் எந்தப் பாஷையில் எழுதினாலும் எனக்குப் படிக்க வரும். படித்தேன். திரும்பவும் படித்தேன். பாய் தடியால் அடுத்த வரியைத் தொட்டு, "இங்க இன்னாமா போட்டிருக்கு?" என்றார்.

"எடுத்த எடம் ஐயா. மேல்விஷாரம், காதர் பாய் உப்பு மண்டி, எடை மேடை வெடிப்பு."

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன். அந்த மனிதருக்கு இரண்டு தாள், எனக்கு ஒன்று.

இருக்கட்டும். பேசினது பேசினதுதான். வாசகர்களுக்கும், முக்கியமாகச் சம்பந்தி வீட்டாருக்கும் சொல்லிக்கொள்கிறேன். அந்த உப்பை மூட்டை மூட்டையாகப் பிரித்தவன் நான், தோலிலிருந்து தட்டி உதறினவன் நான், எனக்குத் தெரியாதது இல்லை. காதர் பாயின் உப்பில் ஒரு பொட்டு மணலும் இருந்ததில்லை.

விதைதான் இருந்தது.